பெருவிரல் பதிந்த இரும்பு

எங்கள் வாப்பாவுக்கு இரும்பைத் தடவும் வியாதி ஒன்று இருந்தது. பாலாவிச் சந்திக்குப் போனால் மற்ற வாப்பாமார் பிள்ளைகளுக்குப் பணிஸ் வாங்கிக் கொடுப்பார்கள். எங்களுடையவர் நேரே பழைய இரும்புக் கடைக்குள் நுழைந்து, அங்கே கவிழ்ந்து கிடக்கும் எஞ்சின் புளொக்குகளை மாடு வாங்க வந்தவரைப் போல விலாவில் தடவிக்கொண்டே போவார்.

மன்னாரில் அவருக்கு வாடகைக்கு ஓடும் ஒரு ஹயர் கார் இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பு, தொண்ணூறில், இயக்கத்துக்காரர்கள் முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேறச் சொன்னபோது அதை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். சண்டை நின்று பாதை திறந்த பிறகு, அந்தக் காரை யாரோ வெட்டி இரும்புக்கு விற்றுவிட்டதாகச் செய்தி வந்தது. வேறு யாராவது என்றால் அத்தோடு தலைமுழுகியிருப்பார்கள். வாப்பாவோ, எஞ்சின் அகப்பட்டால் போதும், மற்றதை அதைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம் என்றார். வடக்கிலிருந்து வரும் பழைய இரும்பு பாலாவியில் இறங்காமல் போகாது என்று வேறு நம்பினார்.

அந்தக் காலத்து எஞ்சின்களின் பக்கத்தில் எழுத்தும் எண்ணும் வார்ப்பிலேயே புடைத்து நிற்கும். ஆனால் ஒரே மாதிரி வண்டிகளுக்கு அதுவும் ஒரே மாதிரித்தான். தகட்டில் இருக்கும் நம்பரை எவனும் கழற்றி மாற்றலாம். வாப்பா நம்பியது வேறொன்றை. அவருடைய எஞ்சினில், எண்களுக்குக் கீழே, ஒரு பெருவிரல் அடையாளம் இருந்ததாம். இங்கிலாந்தில் இரும்பை உருக்கி ஊற்றும் அச்சுக்காக மண்ணை அமுக்கிய எவனோ ஒருவனுடைய விரல். ஏதோ தூரத்துச் சொந்தக்காரனைப் பற்றிப் பேசுவது போல வாப்பா அவனைப் பற்றிப் பேசுவார்.

இதில் நொந்துபோனவர் உம்மாதான். அகதிகளாக வந்து தங்கிய தில்லையடியில் எங்களுக்கு அப்போது தென்னோலைக் கிடுகு வீடு. அக்கம்பக்கத்தில் ஒவ்வொருவராகக் கல்வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். உம்மா வாய் திறந்தால் வாப்பாவின் பதில் தயாராக இருக்கும். "எஞ்சின் கிடைச்சா ஊருக்குப் போற ஆக்கள் நாங்க. எங்களுக்கு என்னத்துக்குப் புள்ள இங்க சுவரு?" மாரியில் ஒழுகும் இடமெல்லாம் சட்டி வைத்துக்கொண்டே உம்மா அழுவார்.

உம்மாவின் தம்பி, என் மாமா, அந்த இரும்புக் கடையில்தான் வேலை செய்தார். ஒரு சனிக்கிழமை என்னையும் சைக்கிளில் ஏற்றிப் போனார். அங்கே கடையின் பின்பக்கம் குந்தியிருந்து, வாப்பாவின் காரைப் போன்ற ஒரு காரின் எஞ்சினை அரத்தால் அராவத் தொடங்கினார். எண்களுக்குக் கீழே மெல்ல மெல்ல ஒரு குழி விழுந்தது. தன் பெருவிரலை அதில் வைத்து வைத்துப் பார்த்தார். நானும் வைத்துப் பார்த்தேன். சுகமாகப் பொருந்தியது.

"இத வாப்பாட்ட சொன்னியோ, உங்கட உம்மாக்குச் சுவரும் இல்ல, உனக்குப் பணிஸும் இல்ல" என்றார் மாமா.

அராவிய இடம் புதிதாக மினுங்கியது. உப்பளத்துத் தண்ணீரில் சாக்கை நனைத்து அதன்மேல் போர்த்திவைத்தார். சில நாட்களில் அந்த இடமும் மற்ற இடங்களைப் போலத் துருவேறிக் கிழடுதட்டிவிட்டது.

பிறகு ஒருநாள் பின்னேரம், தெரிந்த லொறிக்காரர் ஒருவரின் தயவில் எஞ்சின் எங்கள் வாசலில் வந்து இறங்கியது. மன்னாரிலிருந்து வந்த இரும்பு என்றும், கண்டவுடனே மனம் சொன்னது என்றும் மாமா தேவைக்கு அதிகமாகவே பேசினார். வாப்பா எண்களைப் பார்க்கவில்லை. கை நேரே கீழே போனது. விரல் குழியில் இறங்கி, அப்படியே நின்றது. மாமாவின் கைகளைப் பார்த்தார். கதவடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற உம்மாவைப் பார்த்தார்.

"ஓம் மச்சான். இது என்ட எஞ்சின்தான்."

சொல்லிவிட்டு மாமாவைக் கட்டிப்பிடித்து அழுதார். உம்மாவும் அழுதார். ஊருக்குப் போகப்போகிறோம் என்று நான் நினைத்தேன். வாப்பாவோ, "இவ்வளவு பாரத்தத் தூக்கிட்டு இனி எங்க போறது?" என்று சொல்லி, அடுத்த கிழமை வாசலில் சீமெந்துக் கல் இறக்கினார். அதற்குப் பிறகு அவர் எந்த இரும்பையும் தடவவில்லை. இப்படியும் ஒரு மனிதர் ஏமாறுவாரா என்று போகப்போக எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. அந்தப் பாவம் வளர்ந்த பிறகும் போகவில்லை.

சென்ற நோன்பில் கடல்பாசி காய்ச்சி ஒரு பழைய அலுமினியக் கிண்ணத்தில் ஊற்றி இறுக வைத்தேன். கிண்ணத்தின் அடியில் உட்பக்கம் ஒரு குழி இருந்திருக்கிறது. இறுகிய பாசியைத் தட்டில் கவிழ்த்தேன். அதன் தலையில் ஒரு மேடு.

அந்த மேட்டைப் பார்த்தபடி குசினியில் நின்றுவிட்டேன். மண்ணில் விரல் பதிந்தால் விழுவது குழி. அந்தக் குழிக்குள் இரும்பு ஓடி நிறைந்தால், வெளியே வருவது மேடு. எழுத்துகள் புடைத்து நிற்பதும் அப்படித்தானே! வாப்பா தன் காரில் தடவிப் பழகியது ஒரு மேட்டை. மாமா அராவி வைத்ததோ குழி.

முன்னறையில் நோன்பு திறக்கக் காத்திருந்த என் பிள்ளைகளுக்கு மாமா அந்த எஞ்சினைக் கண்டுபிடித்த கதையை மறுபடியும் அளந்துகொண்டிருந்தார். வாப்பா பக்கத்தில் இருந்து ஓம், ஓம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அன்று அந்தக் குழியில் விரல் நின்ற சிறிது நேரத்துக்குள் வாப்பா தன் காரையும் ஊரையும் விட்டுக்கொடுத்து, உம்மாவுக்கு நான்கு சுவர்களைக் கொடுத்திருக்கிறார். நானோ அப்போது, வாப்பா நன்றாக ஏமாந்துவிட்டார் என்று, பொங்கி வந்த சிரிப்பை மறைக்க வேலிப்பக்கம் திரும்பி நின்றேன்.