சாரணர் மூட்டையில் மணல்

அப்பாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று விவரம் தெரிந்த நாளிலிருந்தே பயந்துகொண்டிருந்தவள் நான். அதற்குத் தனியாக ஒரு காரணமும் கிடையாது. அது மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்திருந்த சமயம். யாரையாவது, எங்கேயாவது, பிடித்துக்கொண்டேதான் இருந்தார்கள். அப்பா தோட்டத்து ஆபீசில் இரண்டாவது கிராணி, கணக்கெழுதுகிற குமாஸ்தா. வெற்றிலைகூடப் போடாத மனிதர். ஆனாலும் அவர் வீடு திரும்ப ஐந்து நிமிடம் தாமதமானால் நான் வாசலில் போய் நின்றுவிடுவேன். அந்தப் பயம் ஒரே ஒரு நாள் உண்மையாயிற்று. அதை உண்மையாக்கியதும் நானேதான்.

எங்கள் தோட்டம் கோலசிலாங்கூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு மைல் உள்ளே. சுற்றிலும் முள்கம்பி வேலி, போக வர ஒரே கேட். காலையில் ரப்பர்ப் பால் இறக்கப் பால்மரம் வெட்டப் போகிற பெண்களை அந்தக் கேட்டில் நிறுத்தி, வாளிக்குள் கைவிட்டுப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சோறு கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக அந்தச் சட்டம். ஒரு பிடி அரிசி வேலியைத் தாண்டினாலும் குற்றம். சைக்கிள் பம்ப்புக்குள் அரிசி வைத்துக்கொண்டு போன ஒருவனுக்கு ஐந்து வருஷம் போட்டுவிட்டார்கள் என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். ஐந்து என்றாள் ஒருத்தி, பத்து என்றாள் இன்னொருத்தி. நான் பத்தையே எடுத்துக்கொண்டேன்.

இந்த வேலிக்குள்தான் அப்பா பதினாறு பையன்களை வைத்துக்கொண்டு ஒரு சாரணர் படை நடத்தினார். ஆபீஸ் வேலை முடிந்த பிறகு, சம்பளம் இல்லாமல். சாரணர் என்றால் விசில், முடிச்சு, விறகடுப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் நான் பார்த்த சாரணர் இயக்கம் முழுக்கக் காகிதம். வருகைப் பதிவு ஒன்று, சந்தா நோட்டு ஒன்று, எந்தப் பையன் எந்தச் சோதனையில் தேறினான் என்பதற்கு ஒன்று. போகிற கடிதம் ஒவ்வொன்றுக்கும் கார்பன் வைத்து மூன்று நகல். அவரைச் சாரணர் ஆசிரியராக நியமித்துத் தலைமையகத்திலிருந்து வந்த பத்திரத்தைக் கண்ணாடி போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். சம்பளம் கொடுக்கிற துரையே இவ்வளவு கையெழுத்துக் கேட்பதில்லை என்பார் அம்மா. அப்பா பேனாவை உதறிவிட்டு அடுத்த நகலில் கையெழுத்துப் போடுவார்.

அந்த வருஷம் பையன்களைக் கோலசிலாங்கூர் கலங்கரை விளக்கக் குன்றுக்கு இரண்டு இரவு முகாம் அழைத்துப்போவது என்று முடிவு செய்தார். மற்ற ஊர்ச் சாரணர்களும் வருகிறார்கள். எங்கள் பையன்கள், வேலி போட்ட நாளிலிருந்து ஒரு இரவுகூட அதற்கு வெளியே தூங்கியதில்லை. துரைக்கு ஒரு கடிதம், போலீசுக்கு ஒன்று, சாரணர் தலைமையகத்துக்கு ஒன்று எழுதினார். அவர்கள் கேள்வி கேட்டு எழுத, இவர் பதில் எழுத, இப்படியே இரண்டு மாதம் போயிற்று. கடைசியில், பையன்களின் பெயர்ப் பட்டியலும் பெற்றோர் சம்மதமும் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று போலீசிலிருந்து பதில் வந்தது.

அதற்காகப் பெற்றோர் குழு எங்கள் வீட்டு முன்னறையில் கூடியது. தொழிலாளர்களை வேலை வாங்கும் பெரிய மண்டோர், பள்ளிக்கூட வாத்தியார், கடைக்காரர், அப்பா, நான்கு பேர்தான். உள்ளறையில் கணக்குப் போடுவதுபோல் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிரச்சினை பெருமாள் என்ற பையனைப் பற்றி. பதின்மூன்று வயதிருக்கும். அப்பா அவனிடம்தான் படையின் சாமான் பொறுப்பைக் கொடுத்திருந்தார். அவனுடைய அண்ணன் ஒருநாள் மரம் வெட்டப் போனவன் திரும்பி வரவில்லை. உள்ளே போய்விட்டான் என்றார்கள். உள்ளே என்றால் காடு.

"கிராணி ஐயா, அந்த ஒரு பேர மட்டும் எடுத்துடுங்க. லிஸ்ட்டு போலீசுக்குப் போவுது லா. நம்ம புள்ளைங்க பேரும் அதுலதானே இருக்கு" என்றார் மண்டோர்.

"எடுத்தா, ஏன் எடுத்தேன்னு எழுதிக் கேப்பாங்க மண்டோரே. என்னான்னு எழுதுறது?" என்றார் அப்பா.

காகிதத்தில் எழுத முடியாததை அப்பா செய்யமாட்டார் என்பது தோட்டத்துக்கே தெரியும். அவர்கள் போன பிறகு மைப்பெட்டியை எடுத்துக்கொண்டு தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயம் லயமாகப் போய்ப் பெற்றோரிடம் கைநாட்டு வாங்கி வந்தார். கைநாட்டு என்றதும் பலர் தயங்கினார்களாம். எதற்கு, எங்கே போகிறது, பின்னால் ஏதாவது வருமா என்று ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. பெருமாளின் தாயார் மட்டும் ஒன்றுமே கேட்காமல் கட்டைவிரலை நீட்டியதாக அம்மாவிடம் சொன்னார்.

அனுமதி வந்தது. அதில் அரிசிக்கும் அனுமதி இருந்தது என்பதுதான் எனக்குத் தெரியாமல் போன விஷயம். பதினாறு பையன்களுக்கு மூன்று கந்தாங் படி அரிசி வேலிக்கு வெளியே கொண்டுபோகலாம் என்று முத்திரை குத்தி எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்ததால் நான் முத்திரையை மட்டும் பார்த்தேன். மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் மூன்று வருஷம்தான் படித்தேன், அது வேறு கதை.

முகாமுக்குப் போகிற வெள்ளிக்கிழமை மதியம் அப்பா சாப்பாட்டுக்கு வந்தபோது, கடையிலிருந்து வந்திருந்த அரிசியைக் கந்தாங்கால் அளந்து ஒரு கோணிப்பையில் போட்டார். கயிறு கட்டி, சாரணர் முடிச்சு போட்டு இறுக்கினார். வலது மேல் இடது, இடது மேல் வலது. பிறகு கை கழுவிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார். அம்மா குழாயடிக்குப் போயிருந்தார். நானும் மூட்டையும் மட்டும் வீட்டில்.

அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் எனக்கு எப்போதுமே கேட்பதற்குப் பயம். கேட்டால் பதில் வந்துவிடும். நான் கேட்டையும் இரும்புக் கம்பியையும் பத்து வருஷத்தையும் நினைத்தேன். பத்து வருஷம் கழித்து எனக்கு என்ன வயதாகும் என்று விரல்விட்டு எண்ணினேன். பிறகு முடிச்சை அவிழ்த்தேன். அரிசியை எங்கள் வீட்டு அரிசி டின்னில் கொட்டினேன். பை காலியாக இருந்தால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும், எல்லார் முன்னாலும் வெட்கமாகவும் இருக்கும் அல்லவா? ஆபீசுக்குப் பின்னால் தீயணைக்கத் தொங்கவிட்டிருந்த சிவப்பு வாளியிலிருந்து மணலைப் பாத்திரம் பாத்திரமாக எடுத்து வந்து, அதே உயரத்துக்கு நிரப்பினேன். முடிச்சும் அப்படியே போட்டேன். பையன்களுக்கு அப்பா சொல்லிக்கொடுத்ததைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அது பழகியிருந்தது. அப்பாவைக் காப்பாற்றிவிட்டேன். அன்று மதியம் நான் நிம்மதியாக இருந்த அளவுக்கு அதற்குப் பிறகு எப்போதும் இருந்ததாக நினைவில்லை.

மூன்று மணிக்கு அப்பாவோடு பெருமாள் வந்து மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தான். ஒரு பக்கமாகச் சாய்ந்தான். அரிசியைவிட மணல் கனம் என்பதை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

"கனமா இருக்குங்கய்யா."

"சாரணன் கனம் பாக்கமாட்டான். நட" என்றார் அப்பா.

பள்ளிக்கூடம் வரை அவனே சுமந்து போனான். அங்கே சட்டிபானைகளோடு தள்ளுவண்டியில் ஏற்றி, பையன்கள் இரண்டு வரிசையாக அதற்குப் பின்னால் நடந்து கேட்டுக்கு வந்தார்கள். வழியனுப்ப லயத்து ஜனங்கள் பாதிப் பேர் கூடியிருந்தார்கள். பெரிய மண்டோரும் இருந்தார். நானும் வேலி ஓரமாகப் போய் நின்றேன்.

கேட்டில் வழக்கமாக இருப்பவர்கள் எங்கள் தோட்டத்துக் காவலர்கள், எல்லாரையும் தெரிந்தவர்கள். அன்றைக்கென்று டவுனிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்திருந்தார். அப்பாவிடமிருந்து அனுமதிக் கடிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். மூன்று கந்தாங் என்று எழுதியிருந்ததால் மூன்று கந்தாங்கைப் பார்க்க விரும்பினார். காவலர் முடிச்சை அவிழ்த்துக் கையை விட்டார். எடுத்துப் பார்த்தார். மறுபடியும் விட்டு, அடிவரை துழாவி எடுத்தார். மணல்.

அரிசி கூடுதலாக இருந்திருந்தால் கூடுதலைப் பிடுங்கிக்கொண்டு திட்டி அனுப்பியிருப்பார்கள். இல்லாமல் போனதுதான் வினை. வெளியே கொண்டுபோக அனுமதி வாங்கிய அரிசி மூட்டையில் இல்லை, அதற்குப் பதில் மணல் வைத்துக் கட்டியிருக்கிறது என்றால், அந்தக் காலத்தில் அது ஒரே ஒரு இடத்துக்குத்தான் போயிருக்க முடியும். முடிச்சும் சும்மா முடிச்சில்லை. அந்தத் தோட்டத்தில் அப்படிப் போடத் தெரிந்தவர்கள் காக்கிச் சட்டையில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் ஏதோ கேட்டார். காவலர் பையன்கள் பக்கம் திரும்பி, மூட்டையை யாருடா தொட்டது என்று தமிழில் கேட்டார். மண்டோர் பெருமாளைப் பார்த்தார். அவர் பார்த்ததும் இன்னும் நான்கைந்து பேர் பார்த்தார்கள். பெருமாள் வாயைத் திறப்பதற்குள் அப்பா ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"பசங்கள கேக்காதீங்க. அரிசிய அளந்தது நான், மூட்டைய கட்டுனது நான், முடிச்சு போட்டதும் நான். பொறுப்பு என்னோடது."

அதையே இன்ஸ்பெக்டரிடம் ஆங்கிலத்திலும் சொன்னார். பையன்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு அப்பாவைக் காவல் கொட்டகைக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் சொல்லியிருக்க வேண்டும். ஓடிவந்து கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டேன்.

சேதி தெரிந்து அம்மா அழுதார். அழுதுகொண்டே உலை வைத்து, அரிசி எடுக்க டின்னைத் திறந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மதியம் கால் டின்கூட இல்லாத அரிசி கழுத்துவரை நின்றது. ரேஷனுக்கு மேல் வீட்டில் அரிசி இருப்பதும் குற்றம்தான். கொஞ்ச நேரம் டின்னின் வாயைக் கையால் மூடிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டிலுக்கடியிலிருந்து என்னை இழுத்தார். இரண்டு அறை விழுந்தது. கையைப் பிடித்து, கேட்டுவரை தரதரவென்று கூட்டிப்போனார்.

அப்பா ஒரு பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சைக்கிள் பம்ப்பிலிருந்து ஆரம்பித்தேன்.

"மணல ஏம்மா கொட்டுன?" என்று கேட்டார் காவலர்.

"காலிப் பைய தூக்கிட்டுப் போனா அப்பாவுக்கு வெக்கமா இருக்குமே" என்றேன்.

அதை மொழிபெயர்ப்பதற்கு அவர் கொஞ்சம் சிரமப்பட்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, அரிசியைக் கொட்டி அளக்கச் சொன்னார். கோழி பொறுக்கியது போக, ரேஷனும் மூன்று கந்தாங்கும் சரியாக இருந்தன. இருட்டுவதற்குள் அப்பாவை விட்டுவிட்டார்கள். முகாம் அனுமதியைக் கிழித்துவிட்டார்கள்.

அப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை. மணலை வாளியில் திரும்பக் கொட்டிவிட்டு வா என்றார், அவ்வளவுதான். பிறகு உட்கார்ந்து, தன் பொறுப்பிலிருந்த சாமானைத் தான் சரியாகக் கவனிக்கவில்லை என்று தலைமையகத்துக்கு மூன்று நகலில் எழுதினார். அப்படி எழுதச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. நாலைந்து மாதம் கழித்து மறுபடி அனுமதி வாங்கிப் பையன்களைக் கூட்டிப்போனார். நான் சொல்ல வந்தது அதை அல்ல.

மறுநாள் சாயங்காலம் பெருமாளின் தாயார் எங்கள் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றார். அப்பாவைக் கூப்பிடச் சொன்னார். அப்பா வந்ததும் அந்த அம்மா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அழுதார். அப்பா கூச்சத்தோடு, போம்மா, போய் வேலையப் பாரும்மா என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபமாக வந்தது. கொட்டகையில் உட்கார்ந்திருந்தது என் அப்பா. அழ வேண்டியது நாங்கள். இவருக்கு என்ன வந்தது?

அவர் போன பிறகு அப்பாவிடமே கேட்டேன். நானாக ஒரு கேள்வி கேட்டது அபூர்வம்.

"நீங்கதானேப்பா மூட்டைய கட்டுனீங்க? உள்ளதத்தானே சொன்னீங்க?"

"ஆமாம்மா. உள்ளதத்தான் சொன்னேன்" என்றார் அப்பா. பதிவேட்டைத் திறந்து, வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் பதினாறு பேருக்கும் வந்ததாகக் குறி போட்டார்.

எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. எதையெதையோ நினைத்துத் தூக்கம் கெட்ட நான் அதைப் பற்றி அப்புறம் யோசிக்கவே இல்லை. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை அந்த மூட்டையைத் தோளில் சுமந்தவன் பெருமாள் என்பதும் உள்ளதுதான். அண்ணன் காட்டில் இருக்கிற அவனைப் பிடித்துக்கொண்டு போகப் போலீசுக்கு அது போதுமாயிருந்திருக்கும். அதை அன்று கேட்டில் அப்பா சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. பின்வாசலில் நின்ற அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.