ஐந்துக்கு மூன்று

படப்பை ஊர்க்கோடியில் இருந்த துணை சுகாதார நிலையத்து நர்ஸ் காந்திமதிக்கு ஊரில் இரண்டு பெயர். பிரசவம் பார்த்த வீடுகளில் சிஸ்டர், மற்ற வீடுகளில் ரேடியோக்காரம்மா. தடுப்பூசிப் பெட்டி ஒரு தோளில், டிரான்சிஸ்டர் ஒரு தோளில் என்று அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் நாய்கூட ஒதுங்கி வழிவிடும்.

சிற்றலை நேயர் மன்றத்தில் அவள் பதினான்காம் எண் உறுப்பினர். மொத்தம் நாற்பத்தாறு பேர். எந்த நாட்டு வானொலி கிடைத்தாலும் கேட்டுவிட்டு, எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று ஐந்துக்கு மதிப்பெண் போட்டு அந்த நிலையத்துக்கே எழுதிப் போடுவதுதான் இவர்களுடைய பைத்தியம். நிலையத்தார் மகிழ்ந்துபோய்க் காலண்டர், ஸ்டிக்கர் எல்லாம் அனுப்புவார்கள். ஆகையால் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்காத நாளிலும் ஐந்துக்கு ஐந்து போடுவது மன்றத்தில் வழக்கமாகிவிட்டது. காந்திமதி மட்டும் இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்டால் இரண்டுதான் போடுவாள். அதனால் அவள் வீட்டுச் சுவரில் தொங்கியது மளிகைக்கடைக் காலண்டர்தான்.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்றத்தின் ஆண்டுக் கூட்டம். அவள் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகியும் ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. ஒவ்வொரு வருடமும் புடவை இஸ்திரி போட்டு, பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்து வைத்துக் கிளம்பும் நேரம் பார்த்து யாருக்காவது வலி எடுத்துவிடும். அப்படிப் பிறந்த ஒன்பது பிள்ளைகளும் ஊரில் ஓடித் திரிகிறார்கள். அவர்களுக்கு ஊசி போடும்போது மட்டும் அவள் கை கொஞ்சம் அழுத்திவிடும் என்று பேச்சு.

கூட்டம் நடப்பதெல்லாம் காஞ்சிபுரத்தில். அங்கே வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்த ஜெகநாதன்தான் மன்றத் தலைவர். கேசரி கிளறிப் போட்டு, சாப்பாடு முடிந்த கையோடு, "அடுத்த வருஷமும் இங்கியே வெச்சிக்கலாமா?" என்று கேட்பார். வந்திருப்பவர்கள் கை தூக்குவார்கள். மன்றத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத அவருடைய மச்சான்மாரும் தூக்குவார்கள். வராதவர்களுக்குக் கை கிடையாது.

காந்திமதிக்கு இது பொறுக்கவில்லை. ஒன்பது வருடமாகக் கடிதத்தில் பழகிய மனிதர்களின் முகத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்ற ஆசை அவளை அரித்தது. கூட்டம் படப்பையில் நடந்தால் ஒரு பிரசவத்தை முடித்துவிட்டு ஓடியாவது வரலாம். எனவே விதியை மாற்றச் சொல்லி எழுதிப் போட்டாள். எல்லாரும் கார்டில் ஓட்டுப் போட வேண்டும். ஊருக்கு ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண். பார்க்காத ஊருக்கு மதிப்பெண் போட்டால் கார்டு செல்லாது. சராசரி எந்த ஊருக்கு அதிகமோ அங்கே கூட்டம்.

தொண்ணூற்றொன்று ஜனவரிக் கூட்டத்தில் இதைப் படித்தார்கள். வளைகுடாவில் போர் மூண்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது. அத்தனை பேர் காதும் டிரான்சிஸ்டரில் இருந்தது. எதற்கு என்று கேட்காமலேயே கை தூக்கினார்கள். விதி நிறைவேறிவிட்டது.

போட்டியில் காஞ்சிபுரம், படப்பை இரண்டே ஊர். ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில், கார்டுகளை எண்ண ஜெகநாதனே பஸ் ஏறிக் காந்திமதியின் சுகாதார நிலையத்துக்கு வந்தார். துண்டால் விசிறிக்கொண்டே ஒவ்வொன்றாகப் படித்தார்.

"காஞ்சிபுரம் அஞ்சு, படப்பை அஞ்சு."

அடுத்ததும் அதேதான். காலண்டருக்குப் பழகிய கை! படப்பை எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்களும் ஐந்து போட்டிருந்தார்கள். நாற்பத்தைந்து கார்டும் இப்படியே போயிற்று. கடைசிக் கார்டு கவிழ்ந்து கிடந்தது. அது காந்திமதியுடையது.

கூட்டம் நடத்தப் படப்பையில் இருந்தது ஒரே ஒரு கூடம். அதில் மின்விசிறி சுற்றாது, குழாயில் தண்ணீர் நினைத்தால்தான் வரும். மூன்று போட்டிருந்தாள். ஐந்து போட்டிருந்தால் சரிக்குச் சரி. இப்போது தன் கையாலேயே தன் ஊரைக் கவிழ்த்தாயிற்று.

அந்த நேரத்தில் வாசலில் சைக்கிள் வந்து விழுந்தது. தெருக்கோடி டில்லிபாபு.

"சிஸ்டர், நைட் ஷிப்ட் முட்ச்சிட்டு இப்பதான் படுத்தேன், வூட்ல வலி எடுத்துகினு கீது, சீக்கிரம் வா சிஸ்டர்!"

காந்திமதி பையை எடுத்தாள். "அண்ணே, நீங்க எண்ணி முடிச்சிட்டுக் கெளம்புங்க. எனக்கு எவ்ளோ நேரம் ஆவும்னு தெரியாது" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

மாலை நாலரைக்குத் திரும்பியபோது ஜெகநாதன் அங்கேயே உட்கார்ந்திருந்தார். மூன்று பஸ்ஸை விட்டிருந்தார். கடைசிக் கார்டு கவிழ்ந்தபடியே கிடந்தது.

"இன்னாம்மா கொழந்த?"

"பொண்ணு. நல்லா கீறாங்க ரெண்டு பேரும். நீங்க ஏன் அண்ணே இன்னும்…"

"நீங்க இல்லாம உங்க கார்ட எப்படிம்மா தொடுறது?" என்று திருப்பினார். "படப்பை மூணு. காஞ்சிபுரத்துக்கு ஒண்ணும் காணமே?"

"நான்தான் காஞ்சிபுரம் கூட்டத்துக்கே வந்ததில்லியே. கேக்காத ஸ்டேஷனுக்கு ரிப்போர்ட் எழுதலாமா?" என்றாள் காந்திமதி. "சராசரியில காஞ்சிபுரம்தான் ஜெயிச்சுது. எழுதிக்குங்க."

ஜெகநாதன் எழுதவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒவ்வொரு வருஷமும் 'பிரசவ கேஸ், வர முடியவில்லை'னு எழுதுவீங்களே, அத மைக்ல படிப்பேன்மா. அந்த ஊர்ல தெனம் பிரசவமானு நான் கேப்பேன், எல்லாரும் சிரிப்பாங்க. நெசமாவே நீங்க சாக்கு சொல்றீங்கனுதான் நெனச்சினு இருந்தேன்."

அது காந்திமதியைச் சுட்டது. ஒன்பது கடிதத்தையும் வருத்தப்பட்டுத்தான் எழுதியிருந்தாள்.

"நான் படப்பையில கால் வெக்கிறது இன்னிக்குத்தான். ஆனா போன மாசமே அஞ்சு போட்டுட்டேன்" என்றபடி அவர் தன் கார்டை எடுத்துக் கிழித்தார். "உங்க விதிப்படி என்னுது செல்லாது. மத்த நாப்பத்திநாலும் செல்லாது. ஒருத்தனும் இந்த ஊரப் பாத்ததில்ல. செல்றது ஒரே கார்டு. மூணு மார்க்ல படப்பை ஜெயிச்சுது."

காந்திமதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் எடுத்தது கர்ப்பிணிகள் பதிவேட்டைத்தான். அடுத்த ஜனவரி மூன்றாம் வாரத்துக்கு நேரே விரலை வைத்தாள். மூன்று பெயர் இருந்தது.

"போச்சு அண்ணே" என்றாள்.

ஜெகநாதன் எட்டிப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டார்.

"பாத்துட்டு வாங்கம்மா. நாங்க நாப்பத்தஞ்சு பேரும் ஒக்காந்துனு இருப்போம். நீங்க வந்தப்புறம்தான் கூட்டம்."