ஐந்தாவது முளை

ஊசியக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இருபத்தாறு வருடமாக, மழைக்கு முன்னால் வீடு வீடாகப் போய் மாடுகளுக்குத் தடுப்பூசி போடுகிறவளுக்கு வேறெங்கே நிற்கும்? "நல்லா திங்குது, துள்ளுது, இதுக்கெதுக்கு ஊசி?" என்று கேட்டே அவள் உயிரை வாங்கிவிட்டார்கள். தொடை வீங்க வைத்து ஒரே நாளில் கொல்லும் சப்பை நோய் நோஞ்சானைத் தேடி வராது. கொழுகொழுவென்று வளரும் இளசைத்தான் தேடி வரும். இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

இந்த வருடம் அந்தக் கூத்தை அடித்தது சொந்த அண்ணன். எலும்பும் தோலுமான நான்கை வரிசையாகக் கட்டிவிட்டு, கொழுத்த கிடாரியைப் பின்கொட்டகையில் ஒளித்துவிட்டான். ஊசி போட்ட இடம் வீங்கினால், வாங்க வருகிறவன் முகம் சுளிப்பானாம். ஐந்தாவது முளையில் வெறும் கயிறு கிடந்தது. பக்கத்தில் சாணி ஈரமாக இருந்தது. ஊசியக்கா பார்த்தாள், அண்ணி நீட்டிய காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

மூன்றாம் வாரம் கிடாரி பின்னங்காலை ஊன்ற முடியாமல் நின்றது. ஊசியக்கா ஓடிவந்து தொடை வீக்கத்தை அழுத்தினாள். தோலுக்கடியில் நறநறவென்றது. சப்பை நோயேதான். டாக்டர் வந்து மருந்து ஏற்றியும் பொழுது சாயுமுன் அது செத்துப்போனது.

"நாலுக்குப் போட்டியே ஊசி, அதுதான் நோயை இழுத்துட்டு வந்துச்சு!" அண்ணன் ஊரைக் கூட்டினான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"போட்ட நாலும் அசை போட்டுக்கிட்டு நிக்குது. போடாதது செத்துக் கிடக்குது. உன் கண்ணு எங்க போச்சு?"

தோலாவது மிஞ்சட்டும் என்று கத்தியோடு வந்தான். கத்தியைப் பிடுங்கி எறிந்தாள். "வெட்டினா நோய் மண்ணுல இறங்கும். வருஷக்கணக்கா போகாது!" ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டி, முழுசாகப் புதைக்க வைத்த பிறகுதான் நகர்ந்தாள்.

மறுநாள் காலை அண்ணன் இன்னொரு கிடாரியோடு அவள் வாசலில் நின்றான். தரையைப் பார்த்தபடி சொன்னான். "இதை மச்சான் வீட்டுல ஒளிச்சு வெச்சிருந்தேன்."

ஊசியக்கா மருந்துப் பையைத் திறந்தாள். காய்ச்சல் இல்லையென்று பார்த்துவிட்டு ஊசியைப் போட்டாள்.

"மருந்து பிடிக்கப் பதினஞ்சு நாளாவது ஆகும். அதுவரைக்கும் இதை அந்தக் குழிப் பக்கம் மேய விடாதே."

"திட்டிடேன், தங்கச்சி."

"எந்த வாயால? அஞ்சாவது முளைகிட்ட ஈரச்சாணியைப் பாத்துட்டுத்தான் அன்னைக்குக் காப்பி குடிச்சேன்."