யார் கூட்டிட்டுப் போறது?

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். கட்டடங்களின் உச்சியில், மோட்டாரும் இரும்பு வடமும் இருக்கிற சின்ன அறைகளில் அவன் பாதி வாழ்க்கை போயிற்று. ஆனால் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் படியில்தான் ஏறுவான். கேட்டால், "ஓட்டல் சமையல்காரன் வீட்டுக்கு வந்துதானே சாப்பிடறான்?" என்பான்.

லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால், கதவைத் திறக்கும் முன்பே வாயைத் திறந்துவிடுவான். உள்ளே இருப்பவர் பயப்படாமலிருக்க எதையாவது பேச வைப்பான். அப்படி மாட்டியவர்தான் மருந்துக்கடைக்காரர். அண்ணன் பிரேக்கோடு மல்லுக்கட்ட, அவர் உள்ளேயிருந்து தான் கல்லூரியில் ஆடிய ஒரு விளையாட்டைப் பற்றிச் சொன்னாராம். மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம்: வாள்வீரன், சூனியக்காரி, திருடன். என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். லிஃப்டைத் திறந்த பிறகும் அண்ணன் அவரை விடவில்லை. அவர் சொன்ன ஆட்டத்தில் கடைசியில் பூதம் செத்ததா இல்லையா என்று தெரிந்தாக வேண்டுமே.

அந்த வாரமே அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஆட்டம் தொடங்கியது. அண்ணன், நான், என் கணவர், மருந்துக்கடைக்காரர். அவருக்கு 'மாத்திரை' என்று பெயர் வைத்தது அண்ணன்தான். அண்ணி மட்டும் சேரவில்லை. "ஏழு கழுதை வயசாச்சு, பூதம் புடிக்கக் கெளம்பிட்டாரு" என்று அடுக்களையிலிருந்து குரல் மட்டும் வரும்.

ஆட்டத்தின் விதிப் புத்தகத்தில் குடிக்கென்று ஒரு பக்கம் இருந்தது. இத்தனை குவளைக்கு வீரம் இவ்வளவு கூடும், குறி இவ்வளவு தப்பும், விடிந்ததும் எழுந்திருக்க ஒரு தடவை பகடை உருட்ட வேண்டும், எழுந்துவிட்டால் எல்லாம் சரி. அண்ணன் அதை இரண்டு தடவை படித்தான்.

"இதுல குடிக்கிறவன் மட்டும்தான் இருக்கான், மாத்திரை. கூட்டிட்டு வர்றவன் எங்க?"

"அதுக்கெல்லாம் விதி கிடையாதுண்ணே."

"அப்ப நாம போட்டுக்குவோம்."

அப்படி வந்தது எங்கள் விதி. சாராயக்கடையில் முதல் குவளையை ஊற்றும் முன் கடைக்காரன், "யார் கூட்டிட்டுப் போறது?" என்று கேட்பான். ஆட்டத்தில் இன்னொருவர் "நான்" என்று சொல்ல வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. வீடு திரும்பும் வழியில் திருப்பத்துக்குத் திருப்பம் குடித்தவர் பகடை உருட்ட வேண்டும். குடித்த குவளைகளின் எண்ணிக்கையைத் தாண்டாவிட்டால் விழுவார். கூட வருபவர் தூக்க வேண்டும். வழியில் குடித்தவர் மனசில் கிடப்பதை எல்லாம் கொட்டலாம். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு. மறுநாள் அதை யாரும் எடுக்கக் கூடாது. வாசலில் நின்று, கூட வந்தவர் "ஆளைக் கொண்டு வந்துட்டேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து ஒருவர் "வாங்க" என்று சொன்னால்தான் அவர் கடமை முடியும்.

"மச்சான், சாராயத்தை விட உங்க விதிதான் தலையச் சுத்துது" என்றார் என் கணவர். எல்லோரும் சிரித்தோம்.

அந்த விதி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் அப்பா குடிப்பார். கடை மூடும் நேரத்துக்குப் போய் அவரை அழைத்து வருவது அண்ணனின் வேலை. அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, தெருவின் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று வருவான். தாழ்ப்பாள் போடாமல் கதவருகே உட்கார்ந்திருப்பது என் வேலை. "ஆளைக் கொண்டு வந்துட்டேன் குட்டி" என்ற குரல் கேட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் மூச்சு விடுவோம்.

அண்ணன் குடித்ததே இல்லை. இருமல் மருந்தைக்கூட அளந்து குடிப்பான்.

எப்போதும் கதையை நடத்துகிறவன் அவன்தான். ஒரு நாள், "இன்னிக்கு நீ நடத்து மாத்திரை, நான் ஆடறேன்" என்றான். ஒரு கொல்லனாக வந்தான். கதவை விட அகலமான ஆள். வந்ததும் போருக்குப் போகவில்லை, நேரே சாராயக்கடைக்குப் போனான்.

"யார் கூட்டிட்டுப் போறது?" என்றார் மாத்திரை.

அண்ணன் என்னைப் பார்த்தான். "ஒரு தடவையாவது என்னை யாராவது கூட்டிட்டுப் போகட்டுமே குட்டி."

"நான்" என்றேன்.

கொல்லன் ஏழு குவளை குடித்தான். குடிக்கக் குடிக்க அண்ணன் முகமே சிவந்துவிட்டது போலிருந்தது. "என் கொல்லன் வழியெல்லாம் பேசுவான், தயாரா இரு" என்றான். கிளம்பும் நேரத்தில் போன் வந்தது. எங்கோ லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டார்களாம். "கொல்லன் இங்கயே இருக்கட்டும், அடுத்த வாரம் தூக்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் வரவில்லை. வேறொரு கட்டடத்தில் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. முன்பு எப்போதோ அவன் பழுது பார்த்த லிஃப்டில்தான் அவனைக் கீழே இறக்கினார்கள். கூட்டிக்கொண்டு வர எங்களில் ஒருவரும் அங்கே இல்லை.

மாதங்கள் போயின. மாத்திரை இரண்டு மூன்று தடவை கேட்டார்: "அந்தக் கதைய முடிச்சிடலாமா?" நான் மறுத்தேன். கொல்லன் அந்தக் கடையில் இருக்கட்டும். கன்னம் சிவந்து, வாசலைப் பார்த்தபடி, எனக்காகக் காத்துக்கொண்டு இருக்கட்டும். அவனை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டால், அப்புறம் என் அண்ணன் எனக்காக எங்கே காத்திருப்பான்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் அண்ணி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கொல்லன் கதை பாதியில் நிற்பதைப் பேச்சுவாக்கில் என் கணவர் சொல்லிவிட்டார். அண்ணி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னும் அந்தக் கடையிலயா இருக்காரு?"

"ஆட்டத்துலதான் அண்ணி..."

"நீதானே கூட்டிட்டு வர்றேன்னு சொன்னே? குடிச்சிட்டுக் கெடக்கற மனுசன இத்தன மாசமாவா விட்டு வைப்பே?"

அண்ணி எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அலமாரியிலிருந்து அண்ணனின் நீலப் பகடையை எடுத்து வைத்தாள். இருபது முகம் கொண்டது, மூலையில் கிரீஸ் கறை. "எப்படி உருட்டணும் தம்பி? அவருக்கு நான் போடறேன்" என்றாள் மாத்திரையிடம்.

மாத்திரை மெதுவாகக் கதையைத் தொடங்கினார். இருட்டு, ஈரமான தெரு. நான் கொல்லனின் கையைத் தோளில் போட்டுக்கொண்டேன் என்று சொன்னேன். முதல் திருப்பம். அண்ணி உருட்டினாள். மூன்று.

"விழுந்துட்டாரு" என்றார் மாத்திரை.

"விழுவாரு, விழுவாரு. பழக்கமில்லையே" என்று அண்ணி சிரித்தாள். அவன் போனதற்குப் பிறகு நான் அந்தச் சிரிப்பைக் கேட்டது அப்போதுதான்.

தூக்கினேன். அடுத்த திருப்பத்தில் பதினொன்று, நடந்தோம். ஒவ்வொரு திருப்பத்திலும் மாத்திரை கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். அது கொல்லன் பேச வேண்டிய நேரம். வழியெல்லாம் பேசுவேன் என்று சொன்னவன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நாங்கள் நால்வரும் அவன் பேசி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, அப்புறம்தான் நகர்ந்தோம்.

"வீடு வந்துடுச்சு" என்றார் மாத்திரை. பிறகு தயங்கினார். "கொல்லன் வீடு எப்படியிருக்கும்னு அண்ணன் சொல்லவே இல்லையே."

"கதவு தாழ்ப்பா போட்டிருக்காது" என்றாள் அண்ணி.

இனி நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். சொன்னால் முடிந்துவிடும். அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆளைக் கொண்டு வந்துட்டேன்" என்றேன்.

"வாங்க" என்றாள் அண்ணி. என்னையல்ல, எனக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

வெகுநேரம் கழித்து மாத்திரை, விதிப்படி, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "விடிஞ்சதும்... எழுந்திருக்கறதுக்கு ஒரு தடவை உருட்டணும்."

அண்ணி பகடையை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"தூங்கட்டும் தம்பி" என்றாள். "எழுப்ப வேண்டாம்."