சும்மா நின்ற ஒரு நிமிஷம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, புத்தலப்பட்டு ஏரிக்கரையில் பன்னிரண்டு பேர் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினோம். வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாத்துக்குய்யா சைக்கிளைத் தூக்கினு ஓடுறீங்க? பஞ்சரா?"

பஞ்சர் இல்லை. ரேஸ்!

சித்தூரில் நான் சைக்கிள் கடை வைத்திருப்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்பு, சீமையிலிருந்து வந்த உதிரிபாகப் பெட்டியில் திணித்திருந்த பழைய பேப்பரில் ஒரு படம் பார்த்தேன். வெள்ளைக்காரர்கள் முழங்கால் சேற்றில் சைக்கிளைச் சுமந்துகொண்டு ஓடுகிறார்கள். கீழே 'சைக்ளோ-க்ராஸ்' என்று போட்டிருந்தது. அதாவது, ரோடே இல்லாத இடத்தில் சைக்கிள் ரேஸ்.

ரோடு இல்லாத இடத்துக்கா நம் ஜில்லாவில் பஞ்சம்?

ஆரம்பித்துவிட்டோம். மட்கார்டு, செயின் கார்டு, கேரியர், ஸ்டாண்டு – எல்லாவற்றையும் கழற்றிய பிறகு மிச்சமிருப்பதுதான் எங்கள் ரேஸ் சைக்கிள். ஓட்டுகிறவர்களும் என்னைப் போன்ற சைக்கிள் கடைக்காரர்கள்தான். ஆறு நாள் கடையில் வீலுக்குக் கோணல் எடுப்போம். ஏழாம் நாள் கல்லிலும் மேட்டிலும் விட்டு நாங்களே கோணலாக்குவோம்.

இதற்கு முன்பு ஐந்து ரேஸ் நடந்திருக்கிறது. ஐந்திலும் முதலில் வந்தவன் முனிரத்தினம். என் மனைவியின் தம்பி. திருத்தணிப் பக்கம் ஒரு கிராமத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறான். நான் ஐந்திலும் இரண்டாவது. வீட்டில் இதைப் பற்றி என் மனைவி ஒன்றும் சொல்வதில்லை. சும்மா சிரிப்பாள்... அதுதான் தாங்காது.

இந்தத் தடவை முதன்முதலாக ஒரு வெள்ளிக் கப் வைத்திருந்தார்கள். கப் வந்தால் கூடவே கமிட்டியும் வருமே? வந்தது. பெயர் பதிகிற கமிட்டிக்காரர் முனிரத்தினத்தின் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் பேனாவை மூடினார்.

"இந்தக் கப் ஆந்திராக்காரங்களுக்கு. உன் ஊர் சென்னை ராஜ்யத்தோட சேரப் போகுதே?"

"இன்னும் போவல சார். ஆபீசருங்க எல்லைய அளந்துகினு கீறாங்க. இன்னிக்குக் காலையில துன்ன இட்டிலி வரைக்கும் ஆந்திரா இட்டிலிதான்."

எல்லோரும் சிரித்தார்கள். கமிட்டிக்காரர் சிரிக்கவில்லை. "போகப் போற ஊர், போன ஊர்தான்" என்றார்.

முனிரத்தினம் என்னைப் பார்த்தான்.

நான் என்ன செய்தேன்? குனிந்து, பின் ப்ரேக்கைத் திருகிப் பார்த்தேன். ப்ரேக்கில் ஒரு கோளாறும் இல்லை. இவன் ஓடாவிட்டால் கப் எனக்கு... மனசுக்குள் ஓடியது அது ஒன்றுதான். பெண் கொடுத்த வீட்டுப் பிள்ளை! என்னை நம்பி பஸ்ஸின் மேலே சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்தவன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சொன்னவர் வேறு ஒருவர். திருப்பதியில் டயர் மொத்த வியாபாரம் செய்கிற நாகய்யா. முனிரத்தினத்துக்கு உறவும் இல்லை, ஊர்க்காரரும் இல்லை. தெலுங்குக்காரர். ஒவ்வொரு ரேஸிலும் மூன்றாவதாக வருகிறவர்.

"ஏமண்டீ! அதனு லேகுண்டா ரேஸ் எந்துக்கு?" என்றார். அவன் இல்லாமல் ரேஸ் எதற்கு என்கிறார். பிறகு எல்லோருக்கும் புரியட்டும் என்று தமிழில்: "நான் இவரைத் தோக்கடிக்க வந்தேன். இவரு இல்லாம நான் கெலிச்சா, யாரைக் கெலிச்சேன்னு சொல்றது? இவரு பேரு எழுதுங்க. இல்லே, என் பேரும் அடிங்க."

சைக்கிளைத் தரையில் படுக்க வைத்துவிட்டார். அவர் பக்கத்திலிருந்தவரும் வைத்தார். இன்னொருவர் வைத்தார். அப்புறம்தான் நான் வைத்தேன். நாலாவதாக!

கமிட்டிக்காரர் சுற்றிலும் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

மூன்று சுற்று. ஏரி ஓரத்துச் சேறு, அப்புறம் கரை மேடு, அப்புறம் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டிய பாறைக் குன்று. இரண்டாவது சுற்றில் முனிரத்தினம் சேற்றில் வழுக்கி விழுந்தான். நான் தாண்டிப் போனேன். குன்றில் நான் மூச்சு வாங்கி நின்றபோது இரண்டு பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். ஒருவன் மச்சான், இன்னொருவர் நாகய்யா. கடைசிச் சுற்றில் குன்றிலிருந்து இருவரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு இறங்கினார்கள்.

அரை சக்கரம்... அவ்வளவுதான் வித்தியாசம். ஜெயித்தவர் நாகய்யா!

சைக்கிளைப் போட்டுவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார் மனுஷர். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. கை கொடுத்துத் தூக்கிவிட்டவன் முனிரத்தினம்.

"அடுத்த ரேஸ் எங்க பக்கம் வெச்சுக்கலாம்ணா. ஆத்து மணல்ல."

"அப்போ அது வேற ராஜ்யமா ஆயிட்டா?"

"ஆவட்டுமே. நீ வந்தா யாரு வாணான்னுவான்? நான் கீறேன்."

சாயங்காலம் நானும் அவனும் சித்தூருக்கு மிதித்துக்கொண்டு வந்தோம். பாதி வழியில் எனக்குப் பொறுக்கவில்லை.

"மச்சான்... காலையில நான் பேசியிருக்கணும்."

அவன் வேகத்தைக் குறைத்து என் பக்கத்தில் வந்தான்.

"பேசியிருக்கணும்தான் மாமா. அப்பால சைக்கிளைக் கீழ வெச்சீங்க இல்ல? அத்தோட வுடுங்க. அக்காகிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவன் சொல்லவில்லை. நானே சொன்னேன். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. தம்பிக்கு இன்னும் இரண்டு தோசை வார்த்துப் போட்டாள். எனக்கும் போட்டாள்... கொஞ்சம் தாமதமாக.

திங்கட்கிழமையிலிருந்து விடியற்காலையில் ஆற்றுக்குப் போய் மணலில் ஓடிப் பழகுகிறேன். எல்லைக் கோடு எந்தப் பக்கம் விழுந்தாலும் விழட்டும். முனிரத்தினத்தை ஒருநாள் தோற்கடித்தே தீருவேன் – அவனையும் ஓட வைத்து!