ஷேர் ஆட்டோவில் ஏறிய வெள்ளம்

அடையாறிலிருந்து தி.நகர் போகும் ஷேர் ஆட்டோவில் அந்தம்மா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், தூறலில் நனைந்த நரைமுடி. கீழே இடமிருந்தும் துணிப்பையை மடியிலேயே இறுக்கிப் பிடித்திருந்தார்.

"கீழ வையுங்களேம்மா," என்றேன்.

"வெக்க மாட்டேன் கண்ணு. ஆத்தோரம் இருந்தவ நானு. வெள்ளம் வந்த அன்னிக்கு விடிகாலைல பாயில படுத்துகினு இருந்தேன். முதுவு சில்லுனு ஆச்சு. சத்தமே இல்ல. கைய கீழ வெச்சா தண்ணி. எழுந்து நிக்கறதுக்குள்ள முட்டி வரிக்கும் வந்துடுச்சு."

தற்செயலாகக் குனிந்தேன். அவரையும் சேர்த்து ஆட்டோவிலிருந்த ஐந்து பேரும் காய்ந்த தரையிலிருந்து பாதங்களைத் தூக்கி வைத்திருந்தோம். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததாகத் தெரியவில்லை.

அவர் சைதாப்பேட்டையில் இறங்கிப் போய்விட்டார். முகம்கூட மறந்துவிட்டது.

நான் குடியிருப்பது நான்காவது மாடி. வெள்ளம் வந்த வருடம் இந்த ஊரிலேயே இல்லை. ஆனாலும் மழை பெய்தால் விடிவதற்கு முன்பே முதுகு சில்லிட்டு விழிப்பு வந்துவிடுகிறது. விளக்கைப் போடாமல் கட்டிலிலிருந்து கையைக் கீழே இறக்க எனக்கு இன்றுவரை துணிச்சல் வரவில்லை.