பல்லில் கோத்த சீழும் அம்மன் அனுப்பிய ஆளும்

தாயைக் கும்பிடும் என் அக்கா தங்கைகளே, நான் செத்துப் பிழைத்த கதையை உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். பெருமைக்காக இல்லை. நான் செய்த முட்டாள்தனத்தை நீங்களும் செய்துவிடக் கூடாது என்றுதான்.

1993, சித்திரை மாதம். கள்ளிக்குப்பத்தில் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் மஸ்கட்டில் வெல்டர். இங்கே நானும் இரண்டு பெண் பிள்ளைகளும்தான். அதற்கு முந்தின மாதம் எனக்கு இடது பக்கக் கடைவாய்ப் பல்லில் வலி. சாதாரண வலியா அது! காதுக்குள் ஆணி அடிக்கிற மாதிரி இருந்தது. கிராம்புத் தைலம் வைத்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். ஒரு வாரம் கழித்து வலி பட்டென்று நின்றுவிட்டது. அம்மன் குணப்படுத்திவிட்டாள் என்று விளக்கேற்றிக் கும்பிட்டேன். அதோடு பல்லை மறந்தும் போனேன்.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் எழுந்தால் இடது கன்னம் பூரி மாதிரி உப்பியிருக்கிறது, காய்ச்சல் கொதிக்கிறது. தெருவில் அப்போது இரண்டு குழந்தைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி; அதையும் அம்மை என்றுதான் எங்கள் பக்கம் சொல்வோம். எதிர்வீட்டு ரமணி அக்கா வாசலில் நின்றபடியே பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஐயையோ, ஆத்தா வந்துகீறா கோமதி! மருந்து மாத்திர ஒண்ணும் துண்ணாத, ஆத்தாவுக்கு ஆவாது. பசங்கள மொதல்ல அனுப்பு."

அன்றைக்கே நூம்பலிலிருந்து நாத்தனார் வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாள். சின்னவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். நிலைப்படியில் வேப்பிலை செருகினார்கள். அதற்கப்புறம் வெளியாள் உள்ளே வருவார்களா? உங்களுக்குத் தெரியாததா.

ரமணி அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். தினமும் கஞ்சியை வாசலில் வைத்துக் குரல் கொடுத்துவிட்டுப் போவாள். அந்த ஒரு குரல்தான். மற்ற நேரமெல்லாம் பாயில் கிடந்து, தெருவில் மற்ற வீட்டுப் பிள்ளைகள் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதலாம் என்று எடுத்தேன். அது போய்ச் சேரப் பதினைந்து நாள் ஆகும். அவர் பிரித்துப் படிக்கும்போது நான் இருப்பேனோ மாட்டேனோ என்று நினைத்ததும் பேனாவைக் கீழே போட்டுவிட்டேன். அழக்கூட முடியவில்லை, வாயைக் கோணினால் உயிர் போனது.

மூன்றாம் நாள், ஒருவேளை அந்தப் பல்லாக இருக்குமோ என்று தோன்றியது. உடனே பயந்துபோய், வீங்காத கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆத்தாவையே சந்தேகப்படுவதா! பாவி நான், அவளே காட்டிய வழியாக இருந்திருக்கும், கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கிவிட்டது. வாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் தலையணை நனைந்தது. மத்தியானம், சுவரில் இருந்த அம்மன் படத்தைப் பார்த்துக் கத்தினேன். கத்தல் எங்கே, முனகல்தான். "உனக்கு நெஞ்சு இருக்கா? ரெண்டு பொட்டப் புள்ளைங்களை வெச்சிருக்கேன். வந்திருக்கிறது நீன்னா இறங்கிப் போ. நீ இல்லேன்னா ஒரு ஆளையாவது அனுப்பு. செத்தாக்கூடப் பக்கத்துல யாருமில்லாமச் சாவணுமா?"

நாலு மணி இருக்கும். கதவைத் தள்ளிக்கொண்டு கன்னியம்மா வந்தாள். மார்க்கெட்டில் மீன் விற்பவள். ஆடி மாதம் அவளுக்கு அருள் வரும். எங்கள் பக்கம் யாருக்கு அம்மை போட்டாலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள்தான். ஏழாம் நாள்தான் வரவேண்டியவள்.

"இன்னாமோ தெர்ல, மன்சு கேக்கல. கடைக்குப் போவலாம்னு கூடைய தூக்குனேன், காலு இங்க வந்துட்ச்சு," என்றாள். பக்கத்தில் குனிந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். "வாயத் தொற."

முடிந்த அளவு திறந்தேன். முகத்தைக் கிட்டே கொண்டுவந்து மோந்தாள்.

"அடிப்பாவி! மீன் விக்கறவ நானு. கெட்டது எதுன்னு என் மூக்குக்குத் தெரியாதா? இது சீழு நாத்தம். ஆத்தா வந்த ஒடம்பு இப்டி நாறாது. பல்லு அழுவிப் போயி, பழிய அவ மேல போட்டுகினு குந்திகினு கீறியே! எந்திரி, ஆஸ்பத்திரிக்கு."

மருந்து சாப்பிட்டால் தெய்வக் குத்தம் ஆகிவிடுமே என்று கையை இழுத்துக்கொண்டேன். "நான் சொல்றேன் வா. குத்தம் வந்தா என்னிய கேக்கட்டும்," என்றாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் அசைந்திருக்க மாட்டேன். வேப்பிலையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஆட்டோவில் அம்பத்தூருக்குக் கூட்டிப்போனாள்.

பல் டாக்டர் ஒரு பெண். "வலி நின்னதும் சரியாயிடுச்சுன்னு விட்டுட்டீங்களாம்மா? பல்லுக்குள்ள நரம்பு செத்துப்போச்சு, அதான் வலி தெரியலை. ஆனா அழுகறது நிக்கலை. வேருக்கு அடியில சீழ் கோத்துக்கிச்சு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா மூச்சே அடைச்சிருக்கும்," என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைக் கீறிச் சீழை எடுத்தார். அதுவரை என் கையைக் கன்னியம்மா விடவே இல்லை. கிருமியை அடக்க மாத்திரை கொடுத்தார். பல்லை விட்டுவைத்தால் திரும்பவும் சீழ் கோக்கும் என்று அடுத்த வாரம் அதையும் பிடுங்கினார். பிள்ளைகள் வீடு வந்து சேர்ந்தார்கள். சின்னவள் இரண்டு நாள் என் முந்தானையை விடவில்லை.

அன்றிலிருந்து யார் வீட்டில் அம்மை என்றாலும் நான் உள்ளே போய் உட்கார்ந்து பேசுகிறேன். முகம் வீங்கினால் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறேன். காய்ச்சலோடு வீக்கமா, டாக்டரிடம் கிளம்பு என்கிறேன். மருந்தும் ஆத்தா கொடுத்ததுதான் என்று இப்போது எனக்குத் தெரியும்.

இதைக் கேட்கும் உங்களில் யாராவது ஆளில்லாமல் கிடந்து தவிக்கலாம். அழகாக வேண்டத் தெரியவில்லையே என்று வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள். கோபமாகவாவது கூப்பிடுங்கள். நான் திட்டித்தான் கூப்பிட்டேன். அதற்கும் வந்தாள்.